மஞ்சள் சீட்டு

(செட்டிகுளம் கடைவீதியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பறித்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு மூடிவிட்டு, விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையையும் அதற்குள்ளேயே போட்டு மூடிவிட்டு, இந்த இரவு நேரத்திலே இத்தனை பேர் திரண்டிருக்கிறீர்கள். சின்ன வெங்காயம் கண்ணைக் கரிக்கும். நான் பேச வந்த செய்தியும் கண்ணைக் கரிக்கிற செய்திதான். ஆகவே இடம் பொருத்தமானதே!

வியாபாரி வருகிறார். பட்டறையைப் பிரிக்கச் சொல்கிறார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். நசுக்கிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார். அழுகல் உண்டா, முளை விட்டிருக்கிறதா, பொடிக்காய் எவ்வளவு என்று கணக்கிடுகிறார். செய்யட்டும், அது அவர் உரிமை. காசு கொடுத்து வாங்குகிறவர் காயைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வியாபாரி, “இது விளைந்த நிலத்தின்மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா? விதைத்தவன் எந்தத் தெரு? களையெடுத்தவளின் அண்ணன் எந்தக் கட்சி?” என்று கேட்டால், நீங்கள் என்ன செய்வீர்கள்? “ஐயா, வெயில் அதிகம், மோர் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேருங்கள்” என்று அனுப்பிவைப்பீர்கள்!

வெங்காயத்தைக் கேட்கக் கூடாத கேள்விகளை மனிதனைக் கேட்கிறார்கள், தோழர்களே! வேலை கேட்டு வருகிற மனிதனை! கேள்வியை அவனிடம் நேரே கேட்டாலாவது பதில் சொல்வான். அவன் முதுகுக்குப் பின்னே கேட்கிறார்கள். ‘முன்வரலாற்றுச் சரிபார்ப்பு’ என்று அதற்குப் பெயர். பெயரிலே குற்றமில்லை, பெயர்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்!

இந்த வட்டாரத்திலே ஒரு தம்பி. பெயரைச் சொல்லமாட்டேன், ஊரையும் சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்திலேயே அவன் உட்கார்ந்திருக்கக்கூடும். காவலர் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவன் கனவு. விடியுமுன் எழுந்து, நம் மலைக்கோயில் படிகளிலே ஓடி ஏறுவான், ஓடி இறங்குவான். ஆண்டவன் அருளுக்காக அல்ல. 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிமுடிக்க வேண்டும் என்கிறது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், அதற்காக! ஓடினான். கயிறு ஏறினான். எழுத்துத் தேர்விலே வென்றான். மார்பளவு சரி, உயரம் சரி, மதிப்பெண் சரி. தாய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டாள். பிறகு வந்தது ஒரு தாள். அந்தத் தாளிலே, பல ஆண்டுகளுக்கு முன் புதைத்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த ஒரு வரப்பு, எழுந்து உட்கார்ந்திருந்தது!

ஆம், வரப்பு! ஒரு சாண் வரப்பு! பங்காளிகள் இருவருக்குள்ளே, மண்வெட்டி கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது என்ற தகராறு. வாய் தடித்தது, கை நீண்டது. தம்பியானவர் காவல் நிலையம் போனார். அங்கே நடந்த உரையாடலை நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே உங்களுக்கு நடித்துக் காட்டுகிறேன்.

“யாருய்யா அடிச்சது?”

“எங்க அண்ணனுங்க, ஐயா.”

“அவர் ஒருத்தர்தானா?”

“அவருக்கு மூணு பசங்க, ஐயா…”

“பேரைச் சொல்லு.”

சொன்னார். எழுதினார்கள். மூன்று பிள்ளைகளிலே கடைசிப் பிள்ளை அன்றைக்குத் திருச்சியிலே, கல்லூரி விடுதியிலே, சாம்பாரிலே பருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். இங்கே அவன் பங்காளியை ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, கொலைமிரட்டலும் விடுத்ததாகக் காகிதம் சொன்னது! 294(பி), 323, 506! தமிழ்நாட்டு நாட்டுப்புறத்தான் அறிந்த மூன்று எண்கள்! பிள்ளையார் சுழியைப் போல எந்தப் புகாரின் தலையிலும் இந்த எண்கள் ஏறி உட்காரும். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. எண்களும் 296(பி), 115(2), 351 என்று மாறின. எண்கள் மாறின, வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதுகிற வழக்கம் மாறவில்லை.

அண்ணனும் தம்பியும் எத்தனை நாளைக்குப் பகையாயிருப்பார்கள்? ஒரு கல்யாணம் வந்தது, சீர் வந்தது, பந்தியிலே பக்கத்திலே உட்கார்ந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, “எனக்கு ஒன்றும் தெரியாதுங்க” என்றார் புகார் கொடுத்தவர். பிறழ்சாட்சி என்று குறித்துக்கொண்டார்கள். விடுதலை! வீட்டுக்குப் போய்க் கோழி அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த விடுதலைதான், தோழர்களே, இப்போது கைவிலங்காகி வந்திருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளிலே 14(பி) என்று ஒரு விதி. அதற்கு ஒரு விளக்கம். ஐயத்தின் பலனால் விடுவிக்கப்பட்டவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுவிக்கப்பட்டவரும், குற்ற வழக்கிலே ஈடுபட்டவராகவே கருதப்படுவர் என்கிறது அந்த விளக்கம். 2008-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, மணிகண்டன் வழக்கிலே, இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ‘குற்றவாளி அல்ல’ என்கிறார். விதி, ‘ஆனாலும்’ என்கிறது. ‘கௌரவமான விடுதலை’ வேண்டுமாம்! பங்காளியோடு சமாதானமானது கௌரவக் குறைவு. பகையைக் கடைசிவரை நடத்தி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணையிலே கிழித்து, வென்று வந்திருந்தால் கௌரவம்! இப்படி ஒரு காட்சியை என் நாடகத்திலே எழுதியிருந்தால், நம்பும்படி இல்லையென்று ஒத்திகையிலேயே வெட்டியிருப்பார்கள்.

இதற்கும் மேலே ஒன்று. சரிபார்ப்பு நடக்கும் வேளையிலே வழக்கு நிலுவையிலிருந்து, பிறகு அந்தக் கௌரவமான விடுதலையே கிடைத்துவிட்டாலும், அந்த வேலை அவனுக்கு இல்லை. அடுத்த தேர்விலே மறுபடியும் ஓடவேண்டும், மறுபடியும் கயிறு ஏறவேண்டும்! வயது காத்திருக்குமா?

அரசு வேலைக்குத்தானே இந்தக் கெடுபிடி, தனியார் ஆலைக்குப் போகலாமே என்பீர்கள். நம் மாவட்டத்திலே டயர் ஆலை இருக்கிறது. எறையூரிலே சிப்காட் வளாகமும் காலணி உற்பத்தியும் வந்திருக்கின்றன. வரட்டும், வளரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை தரட்டும். நான் எந்த ஒரு நிறுவனத்தையும் குறித்துச் சொல்லவில்லை. நாடெங்கும் பரவிவிட்ட ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். சரிபார்ப்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் தோன்றிவிட்டன. எப்படிச் சரிபார்க்கிறார்கள்? 2016-இல் உச்சநீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்திலே ஏற்றவேண்டும் என்று ஆணையிட்டது. எதற்காக? பிடிபட்டவனும் அவன் வீட்டாரும், தன்மீது என்ன வழக்கு என்று அலையாமல் அறிந்துகொள்வதற்காக. ஏழைக்குத் திறந்த சன்னல் அது. அந்தச் சன்னல் வழியே இன்று எட்டிப்பார்க்கிறவன் வேறொருவன்!

நீதிமன்றங்களின் இணையதளத்திலே பெயரைத் தட்டினால் வழக்கு வருகிறது. யாருடைய வழக்கு? நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று, அவ்வளவுதான். ‘செ. முருகேசன்’ என்று இந்த மேடையிலிருந்து கூப்பிட்டால் எத்தனை பேர் எழுந்து நிற்பீர்கள்? ஒரு முருகேசன் சாராயம் காய்ச்சினால் இன்னொரு முருகேசனுக்கு வேலை இல்லை. ஏன் இல்லை என்று அவனிடம் சொல்வதும் இல்லை. “பிறகு தகவல் சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள். அந்தத் தகவல் வருவதே இல்லை!

வீட்டுக்கும் ஆள் வருவார். முகவரி சரிதானா என்று பார்க்க வருகிறாராம். நம் ஊர்களிலே முகவரி என்றால் என்ன, தோழர்களே? தெருவின் பெயரைச் சொன்னாலே சாதியைச் சொன்னதாகிவிடுகிறதே! ‘காலனி’ என்ற சொல் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டதென்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அது நீக்கப்படும் என 2025 ஏப்ரலிலே சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்ததே! சட்டமன்றம் அறிந்த இந்த உண்மை, முகவரி பார்க்க வருகிறவருக்குத் தெரியாதா?

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. கல்லூரியை முடிக்காதவன் நான், பட்டம் இல்லை, ஆனாலும் எழுதத் தெரியும் என்று ஓரிடத்திலே வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். விசாரிக்க ஒருவர் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு வந்தார். கடைக்காரர் என்மீது உயிரையே வைத்திருப்பவர். “ஐயா, இந்தப் பையன் எப்படி?” என்று கேட்டதுதான் தாமதம், “நம்ம தம்பியா? மேடை ஏறினா இடி முழக்கந்தான்! கட்சிக்காக ரெண்டு தடவை உள்ளே போயிட்டு வந்த பிள்ளை!” என்று, பெருமை பொங்க, வந்தவருக்குத் தேநீரும் இலவசமாகக் கொடுத்து அனுப்பிவைத்தார்! அந்தப் புகழுரையின் விலை என் வேலை. அவரிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவார்.

அந்த நாளிலேதான் எனக்கு ‘ஏழை படும் பாடு’ நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டு விக்டர் ஹியூகோ 1862-இல் எழுதிய பெருங்கதையைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரிலே தமிழாக்கினார். 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்திலே திரைப்படமாக வந்தது, நாகையா நடித்தார். கதை என்ன? பசித்த பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன், ஜீன் வால்ஜீன். ரொட்டிக்கு ஐந்தாண்டு, தப்பியோட முயன்றதற்கு மேலும் மேலும் என்று, பத்தொன்பது ஆண்டு சிறை! வெளியே வருகிறான். கையிலே ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் ஊரிலே நொடித்துப்போனவன் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்துவிட்டான் என்போம். அந்த மஞ்சள் வேறு. இது, ‘இவன் சிறைப்பட்டவன், அபாயமானவன்’ என்று ஊர் ஊராகக் காட்டவேண்டிய சீட்டு. சத்திரத்துக்குப் போகிறான். கையிலே காசு இருக்கிறது. முதலிலே ‘உட்காருங்கள்’ என்கிறார் சத்திரக்காரர். பிறகு ஆளனுப்பி விசாரிக்கிறார். விசாரித்து வந்த பதிலைப் படித்ததும், ‘எழுந்து போ’ என்கிறார். ஆளனுப்பி விசாரிப்பது புதிய விஞ்ஞானம் என்று யாராவது சொன்னால், அந்தச் சத்திரக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்!

கதையிலே அவனை விடாது துரத்துகிற ஓர் இன்ஸ்பெக்டர், ஜாவர். படத்திலே அந்த வேடத்தை ஏற்ற சீதாராமன், பிறகு வாழ்நாளெல்லாம் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அழைக்கப்பட்டார். ஒருமுறை போட்ட வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நடிகருக்கு அது புகழ். வரப்புத் தகராறிலே மூன்றாவது எதிரியாக வேடம் போடவைக்கப்பட்ட நம் தம்பிக்கு?

இந்தக் கதையை உச்சநீதிமன்றமே எடுத்துச் சொல்லியிருக்கிறது, தோழர்களே. டெல்லிக் காவல்துறையிலே தலைமைக் காவலர் வேலை கேட்ட சந்தீப் குமார் என்பவர், சமரசத்திலே முடிந்துபோன ஓர் அடிதடி வழக்கை விண்ணப்பத்திலே குறிக்கவில்லை. 2011-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், இளமையிலே செய்த சறுக்கலுக்காக ஒருவனை வாழ்நாள் முழுதும் குற்றவாளியென்று முத்திரை குத்தலாகாது என்று கூறி, ஜீன் வால்ஜீனையும் அவன் ரொட்டியையும் நினைவூட்டினார்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கிலே மூன்று நீதிபதிகள் வரையறை வகுத்தார்கள். அதிலே, சிறு வயதிலே முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால்கூட, வேலை தருகிறவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. முழக்கமிட்டது! நம்மை மனத்திலே வைத்துத்தான் எழுதினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் அதே தீர்ப்பு, உண்மையை ஒளிக்காமல் எழுதியவனைக்கூட எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று வேலை தருகிறவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. பொறுக்கலாம், பொறுக்காமலும் இருக்கலாம். ‘லாம்’ என்ற ஓரெழுத்து ஈரெழுத்திலே ஏழையின் எதிர்காலம் ஊசலாடுகிறது!

கட்சிக்காரனுக்கு வேலை கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. மத்தியப் பிரதேசத்திலே ஓர் ஆசிரியர், ராமசங்கர் ரகுவன்ஷி. நகராட்சிப் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டது, ஆசிரியரையும் எடுத்துக்கொண்டது, பிறகு காவல்துறை அறிக்கையைப் பார்த்து வெளியேற்றியது. ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளிலே கலந்துகொண்டார் என்பது அறிக்கை. அந்தக் கொள்கைக்கும் நமக்கும் காததூரம். ஆனாலும் 1983-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த ஆசிரியர் பக்கம் நின்று தீர்ப்பு எழுதினார். தேவதூதர்கள் மட்டுமே நுழைவதற்கு அரசுப்பணி என்ன சொர்க்கமா என்ற பொருள்படக் கேட்டார். நான் அந்தத் தீர்ப்பைக் கைதட்டி வரவேற்கிறேன். எதிரியின் கொடிக்காக அவன் சோற்றிலே மண் போடச் சம்மதித்தால், நாளை நம் சோற்றுக்கு நாம் எந்த வாயால் வாதாடுவது?

நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 2024-இல் வென்று மக்களவைக்குச் சென்ற 543 பேரிலே, 251 பேர் தங்கள்மேல் குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாங்களே பிரமாணப் பத்திரத்திலே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நாற்பத்தாறு! அவர்களைப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களுள் அறப்போரிலே வழக்கு வாங்கியவர்களும் உண்டு. வழக்கு வேறு, தண்டனை வேறு என்பது சட்டத்தின் அடிப்படை. அந்த அடிப்படை சட்டம் இயற்றுகிறவருக்குச் செல்லும். அவர் வீட்டு வாசலிலே துப்பாக்கியோடு காவல் நிற்கப்போகிறவனுக்குச் செல்லாது! இது என்ன நியாயம்?

வழக்கு என்பது எவ்வளவு மலிவான பொருள் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. கொரோனா ஊரடங்கை மீறினார்கள் என்று போடப்பட்ட வழக்குகள் ஏறத்தாழ 10 இலட்சம்! 2021 பிப்ரவரியிலே, சில வகை தவிர மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக அன்றைய அரசு அறிவித்தது. மருந்து வாங்கப் போனவனும் அந்தப் பத்து இலட்சத்திலே ஒருவன். தூத்துக்குடியிலே 2018 மே மாதம் 13 உயிர்கள் பறிபோன அந்தப் போராட்டத்தை ஒட்டிய வழக்குகளில் பலவும் 2021 மே மாதம் திரும்பப் பெறப்பட்டன. இளைஞர்களின் மேற்படிப்புக்கும் வேலைக்கும் தடை வராதிருக்கத் தடையின்மைச் சான்று தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. நன்று, மிக நன்று! ஆனால் அதன் பொருளைக் கவனித்தீர்களா? வெறும் வழக்கே வேலைக்கு எமன் என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்பதுதான் பொருள். போராட்டக்காரனுக்காவது துணைக்குக் கூட்டம் உண்டு. வரப்புத் தகராறுக்காரனுக்கு யார் துணை?

பிறப்பைப் பார்த்து, தெருவைப் பார்த்து ‘இவன் ஆகாதவன்’ என்று ஏடு எழுதும் வேலை வெள்ளைக்காரன் தொடங்கியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பாலகன் பெரியவனாகுமுன் அவன் கைரேகை காத்திருந்தது. 1920 ஏப்ரல் 3-இல், ரேகை வைக்கமாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் உயிர் கொடுத்தாள். 1947-இல் சென்னை மாகாணத்திலே அந்தச் சட்டம் ஒழிந்தது; 1952-இல் நாடு முழுதும். இன்று கைரேகை வைக்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தேடுபொறியே வைத்துக்கொள்கிறது.

“அப்படியானால் யாரையும் எதையும் கேட்கக் கூடாதா? என் குழந்தையைப் பள்ளி வேனிலே யார் ஏற்றிச் செல்கிறான் என்று நான் அறியவேண்டாமா?” என்று ஒரு தாய் கேட்டால், அம்மா, நீங்கள் கேட்பது முழு நியாயம். குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தான் என்று நீதிமன்றத்திலே தண்டிக்கப்பட்டவன், அந்த வேனிலே கால் வைக்கக் கூடாது. வங்கிப் பணத்தைக் கையாடித் தண்டனை பெற்றவனிடம் பணப்பெட்டியைக் கொடு என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்கும் அந்தக் குற்றத்துக்கும் உறவு இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். புழலிலும் வேலூரிலும் கோவையிலும் நம் சிறைத்துறை, கைதிகளைக் கொண்டே பெட்ரோல் நிலையம் நடத்தியிருக்கிறது. வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக் காசு வாங்கிப் போட்டவன் தண்டனைக் கைதி! சிறைக்குள்ளே இருக்கும்போது அவன் கை நம்பகமான கை. வெளியே வந்து ‘வேலை’ என்று நீட்டினால் அதே கை கறைபட்ட கை!

வெளிநாடுகளும் இந்தப் பாவத்திலே பங்காளிகளே. இங்கிலாந்திலே கட்டடத் தொழிலாளர்களின் இரகசியப் பட்டியல் ஒன்றை 2009-இல் அதிகாரிகள் கைப்பற்றினார்கள், 3,213 பெயர்கள்! சங்கத்திலே சேர்ந்தான், பாதுகாப்பில்லை என்று புகார் சொன்னான் என்ற குறிப்புகள். பெரிய கட்டுமானக் கம்பெனிகள் சந்தா கட்டி அதைப் பயன்படுத்தின. அதே இங்கிலாந்துதான், 1974-இலேயே, சிறு தண்டனைகள் குறித்த காலம் கழிந்ததும் இல்லாதவையாகவே கருதப்படும் என்று சட்டம் செய்தது. அமெரிக்காவிலே ஹவாய் மாநிலம் 1998-இல் இன்னொரு வழி கண்டது: முதலிலே ஆளைப் பார், வேலை தருவதாக முடிவைச் சொல், அதன்பிறகே பழைய தண்டனையைக் கேள், கேட்டாலும் வேலைக்குத் தொடர்புடையதை மட்டும் கேள். நம் நாடாளுமன்றம் 2023-இல் செய்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஏழாம் பிரிவிலே, வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் இன்றியே விவரங்களைப் பயன்படுத்தலாமென்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுக்குப் பூட்டு, சன்னலுக்குக் கம்பி இல்லை!

நாம் கேட்பது பெரிதல்ல. 14(பி) விதியின் அந்த விளக்கம் திருத்தப்படட்டும். விடுதலை என்றால் விடுதலை. தனியார் கம்பெனி கேட்பது தண்டனையை மட்டும், வேலையோடு தொடர்புடையதை மட்டும் என்று மாநிலமே ஒரு சட்டம் செய்யட்டும். தெருமுனையிலே விசாரிப்பது நிற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப் பற்றி எழுதப்பட்ட தாளை என் கண்ணிலே காட்டட்டும்! அந்த முருகேசன் நான் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா?

நேரமாகிவிட்டது, கடைசியாக ஒன்று. வருகிற ஞாயிறு காலை, இதே கடைவீதியிலே மேசை போட்டு, நம் வழக்கறிஞர் தோழர்கள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். பழைய வழக்கு உள்ள பிள்ளைகள் வழக்கு எண்ணைக் கொண்டுவாருங்கள். தீர்ப்பு நகல் கையிலே இல்லாதவர்களுக்கு, நீதிமன்றத்திலே நகல் கேட்டு அங்கேயே மனு எழுதித் தருவார்கள். விண்ணப்பத்திலே கேட்ட கேள்விக்கு எதையும் ஒளிக்காமல் எப்படிப் பதில் எழுதுவது என்றும் சொல்லித் தருவார்கள். ஒளித்தால் அதுவே வேறு குற்றமாகிவிடும், நினைவிருக்கட்டும். புகார் கொடுத்த அந்தச் சித்தப்பாவும் வந்தால் நல்லது; அவர் ஒரு வாக்குமூலம் எழுதித் தரட்டும். அந்தத் தம்பிக்கு இன்னும் வயது இருக்கிறதாம். காலையிலே படியேறி ஓடுவதை நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நிறுத்தவேண்டாம் என்று அவனை அறிந்தவர்கள் யாராவது இன்றிரவே போய்ச் சொல்லுங்கள்.